ஆன்வில் காட்டாற்றில் நின்ற பச்சை வேன்

1996 அக்டோபர் 21ஆம் தேதி. கலிபோர்னியாவின் டெத் வேலி தேசியப் பூங்காவில், மலைகளுக்குள் யாராவது போதைப்பொருள் காய்ச்சுகிறார்களா என்று வானிலிருந்து பார்த்துக்கொண்டு போன பூங்காக் காவலர் ஒருவரின் கண்ணில் ஒரு பச்சை வேன் பட்டது. ஆன்வில் கேன்யன் என்ற வறண்ட காட்டாற்றின் நடுவே, அச்சு வரை மணலில் புதைந்து நின்றது. அந்தத் தடம் வாகனங்களுக்கு மூடப்பட்ட தடம். சாதாரண ரோட்டு வண்டி ஒன்று அங்கே எப்படி வந்து சேர்ந்தது என்பதே அவருக்குப் புரியவில்லை.

இறங்கிப் போய்ப் பார்த்தார்கள். மூன்று டயர்களில் காற்று இல்லை. கதவுகள் பூட்டியிருந்தன. உள்ளே படுக்கைப் பைகள், ஃபிலிம் சுருள்கள், ஓர் அமெரிக்கக் கொடி. லாஸ் ஏஞ்சலிஸில் வாடகைக்கு எடுக்கப்பட்டு, திருப்பித் தரப்படாத 1996 மாடல் பிளிமத் வாயேஜர் அது. எடுத்தவர் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தைச் சேர்ந்த 34 வயதுக்காரர். அவருடன் அவருடைய 11 வயது மகன், 27 வயதுத் தோழி, அந்தப் பெண்ணின் 4 வயது மகன். ஜூலை 27ஆம் தேதி விமானத்தில் ஊர் திரும்பியிருக்க வேண்டிய நான்கு பேர்.

பாலைவனப் பயணம் போகிறவர்கள் நடுவே இந்த நிகழ்வு அடிக்கடி பேசப்படுகிறது. விவரம் தெரியாத வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள், பொருத்தமில்லாத வண்டி, கோடை காலம், முடிந்தது கதை என்பார்கள். எனக்கு அந்தச் சொல்முறையில் உடன்பாடு இல்லை. அந்த இரண்டு நாட்களில் அவர்கள் எடுத்த முடிவுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், பெரும்பாலானவற்றை நானும் எடுத்திருப்பேன். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

நிலம்

டெத் வேலி என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது பேட்வாட்டர் உப்புத்தரை. கடல்மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே. அதே பூங்காவின் மேற்கு விளிம்பில் டெலஸ்கோப் சிகரம் 3,366 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே, பானமிண்ட் மலைத்தொடருக்குள், பட் வேலி என்ற மேட்டுச் சமவெளி இருக்கிறது. உயரம் சுமார் 1,200 மீட்டர். நடுவில் பட்டை பட்டையாகப் பாறை அடுக்குகள் தெரியும் ஒரு தனிக்குன்று. அதற்கு அருகில் கல்லால் கட்டிய ஒரு பழைய குடில்; நிலவியலாளர் குடில் என்று பெயர். வருகிறவர்கள் இலவசமாகத் தங்கிக்கொள்ளலாம். பக்கத்திலேயே ஆன்வில் ஊற்று. அந்த வட்டாரத்தில் தண்ணீரும் நிழலும் கூரையும் ஒன்றாகக் கிடைக்கும் இடம் அபூர்வம். இது அப்படிப்பட்ட இடம்.

உயரம் கூடக் கூட வெப்பம் குறையும். கீழே உப்புத்தரையில் 49 டிகிரி கொதிக்கும்போது பட் வேலியில் பத்துப் பன்னிரண்டு டிகிரி குறைவாக இருக்கும். கீழிருந்து ஏறி வருகிறவருக்கு அது இளைப்பாறுதலாகவே தோன்றும். 1996ஆம் ஆண்டுக் கோடை டெத் வேலியிலேயே கொடிய கோடைகளில் ஒன்று: 40 நாட்கள் 49 டிகிரியைத் தாண்டின, 105 நாட்கள் 43 டிகிரியைத் தாண்டின.

பட் வேலிக்குக் கிழக்கிலிருந்து ஏறும் வழி வார்ம் ஸ்பிரிங் கேன்யன் சாலை. பழைய டால்க் சுரங்கங்களுக்காகப் போட்ட சரளைச் சாலை அது. சுரங்க முகாம் வரை கார்கூடப் போய்விடும். அதற்கு மேல் கரடுமுரடு கூடிக்கொண்டே போகும். குடிலைத் தாண்டினால் மேற்கே மெங்கல் கணவாய், சுமார் 1,320 மீட்டர். கார்ல் மெங்கல் என்ற சுரங்கம் தோண்டியவரின் சாம்பல், கணவாயின் உச்சியில் கற்குவியல் ஒன்றுக்குள் வைக்கப்பட்டிருக்கிறது. கணவாயைத் தாண்டி இறங்கினால் கோலர் வாஷ் என்ற காட்டாறு. 1969 அக்டோபரில் சார்லஸ் மேன்சன் என்ற கொலைக்கும்பல் தலைவன் பிடிபட்ட பார்க்கர் பண்ணை அந்தப் பக்கம்தான் இருக்கிறது. அதற்கும் கீழே பானமிண்ட் சமவெளி, பிறகு தார்ச்சாலை.

வரைபடத்தில் இது ஓர் அழகான குறுக்குவழி. ஒரு பக்கம் ஏறி, மறுபக்கம் இறங்கி, வடக்கே யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்குப் போகலாம். காகிதத்தில் எல்லாக் கோடும் ஒரே கனம்தான். மெங்கல் கணவாயில் முழங்கால் உயரப் பாறைப் படிகள் இருப்பதை அந்தக் கோடு சொல்லாது.

ஜூலை 22, 23

ஜூலை 22ஆம் தேதி லாஸ் வேகஸிலிருந்து பூங்காவுக்குள் வந்தார்கள். ஃபர்னஸ் கிரீக் பார்வையாளர் மையத்தில் ஜெர்மன் மொழி வழிகாட்டிப் புத்தகம் வாங்கியிருக்கிறார்கள். அன்றிரவு ஹனபா கேன்யனில் தங்கியதாகத் தெரிகிறது. மறுநாள் வார்ம் ஸ்பிரிங் முகாமுக்கு வந்து, அங்கே வைத்திருக்கும் வருகைக் குறிப்பேட்டில் நான்கு பேரின் பெயரையும் எழுதி, கணவாயைத் தாண்டப் போகிறோம் என்று ஜெர்மனில் ஒரு வரி எழுதிவிட்டுப் புறப்பட்டார்கள்.

குடில் வரை வேன் ஏறிவிட்டது. வண்டிக்குள் கிடைத்த கொடி அந்தக் குடிலுக்குச் சொந்தமான கொடி. ஆகவே அங்கே இறங்கியிருக்கிறார்கள். அதன் பிறகு மெங்கல் கணவாயை முயன்று பார்த்து, முடியாமல் திரும்பியிருக்க வேண்டும். அந்த வேனின் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் இடையே ஒரு சாண் இடைவெளிகூடக் கிடையாது. இரண்டு சக்கரங்களுக்கு மட்டுமே இயக்கம் போகும் குடும்ப வண்டி. கணவாயில் ஏறாதது இயல்பு. திரும்பியது சரியான முடிவு.

தவறு அடுத்த அடியில்தான் நடந்தது. திரும்பியவர்கள் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. வந்த வழியே வார்ம் ஸ்பிரிங் சாலையில் இறங்கலாம். நீளமான வழி, ஆனால் சில மணி நேரத்துக்கு முன்பு இதே வண்டி கடந்து வந்த வழி. இல்லையென்றால் பட் வேலியிலிருந்து நேராகக் கிழக்கே இறங்கும் ஆன்வில் கேன்யன். பழைய வரைபடங்களில் அதில் ஒரு தடம் உண்டு. கீழே போய் டெத் வேலியின் அடித்தரையைத் தொடும். 1994இல் பூங்கா விரிவாக்கப்பட்டு, பெரும்பகுதி இயற்கைக் காப்பு நிலமாக அறிவிக்கப்பட்டபோது மூடப்பட்ட பழைய தடங்கள் பல. தரையில் மூடிய தடம் காகிதத்தில் மூட ஆண்டுகள் ஆகின்றன.

அவர்கள் ஆன்விலில் இறங்கினார்கள்.

காட்டாறு வண்டியை எப்படிப் பிடிக்கிறது

நம் ஊரில் மணல் அள்ள ஆற்றுக்குள் இறங்கும் லாரியைப் பார்த்திருப்பீர்கள். கரையிலிருந்து இறங்கும்போது சுமையில்லை, சரிவு உதவுகிறது, வேகமாகப் போய்விடும். ஏறும்போதுதான் பலகையும் கல்லும் போட வேண்டியிருக்கும். பாலைவனக் காட்டாற்றின் கணக்கும் இதேதான். ஒரே வேறுபாடு, சரிவு கிலோமீட்டர் கணக்கில் நீள்கிறது.

எப்போதோ பெய்யும் மழையில் வெள்ளம் மேலிருந்து கல்லையும் சரளையையும் மணலையும் உருட்டி வருகிறது. சரிவு குறையக் குறைய வெள்ளத்தின் பலம் தளர்ந்து, கனமானதை முதலில் போடும், நுண்மையானதைப் பிறகு போடும். அதனால் மேல்பகுதியில் கூர்க்கற்கள், கீழே போகப் போக ஆழ்ந்த மணலும் பொடிச்சரளையும். வண்டி முதலில் டயரை இழக்கிறது, அதன்பிறகு மணலைச் சந்திக்கிறது. இந்த வரிசைதான் கொடுமை. நகரச் சாலைக்கான டயரின் பக்கச்சுவர் மெல்லியது. கூர்க்கல் பக்கவாட்டில் கீறினால் பஞ்சர் ஒட்டி மாளாது. ஸ்டெப்னி ஒன்றுதான். இரண்டாவது டயர் போனதும் வண்டி சக்கர விளிம்பில் உருள்கிறது. விளிம்பு மணலைக் கத்திபோல் வெட்டி உள்ளே இறங்குகிறது.

டெத் வேலியின் சரளைச் சாலைகளுக்குப் போகிறவர்களிடம் முழு அளவு ஸ்டெப்னி ஒன்றாவது, முடிந்தால் இரண்டு எடுத்துப் போகச் சொல்வது வழக்கம். மணலில் இறங்குவதற்கு முன் டயரின் காற்றை 15, 18 பவுண்டு வரை குறைத்துக்கொண்டால் டயர் அகன்று, மணலின் மேல் மிதந்து போகும். பிறகு நிரப்பக் கையோடு ஒரு காற்றடிக்கும் பம்பு வேண்டும். மண்வாரியும் இழுவைப் பட்டையும் பின்னால் ஒரு துணை வண்டியும் இருந்தால் நிலைமை வேறு. வாடகை வேனில் இவை எதுவும் இருக்காது.

ஆனாலும் கருவிகளைப் பற்றிப் பேசிக்கொண்டே போவது எனக்குப் பிடிப்பதில்லை. கருவி இல்லாமலே அந்தக் குடும்பம் தப்பியிருக்க முடியும். இறக்கத்தில் முதல் நூறு மீட்டர் போனதும் நிறுத்தி, இதே சரிவில் பின்னோக்கி ஏறிப் பார்த்திருந்தால் போதும். சக்கரம் சுழன்று மணலைத் தோண்டியிருக்கும். நான்கு பேரும் இறங்கித் தள்ளி மேலே கொண்டுவந்திருப்பார்கள். குடிலில் இரவைக் கழித்துவிட்டு விடியலில் வார்ம் ஸ்பிரிங் வழியே கீழே இறங்கியிருப்பார்கள்.

வண்டி நின்ற பிறகு

வேனின் கதவுகளைப் பூட்டிவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். இந்த ஒரு விவரத்தில் என் மனம் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறது. உதவியோடு திரும்பி வருவோம், அதுவரை பொருட்கள் பத்திரமாக இருக்கட்டும் என்ற எண்ணம் அந்தப் பூட்டில் இருக்கிறது. அந்தக் கொடியும் உள்ளேயே இருந்துவிட்டது.

பாலைவனப் பயணம் கற்பிக்கிறவர்கள் எல்லோரும் சொல்லும் முதல் விதி, வண்டியை விட்டு நகராதே என்பது. வண்டி நிழல் தரும். மனிதனைவிடப் பெரியது, வானிலிருந்து தெரியும். கழற்றிய டயரைக் கொளுத்தினால் கரும்புகை எழும். நல்ல விதி. ஆனால் இந்த நிகழ்வில் அதை அப்படியே பொருத்தினால் என்ன ஆகும்? வேன் கண்ணில் பட்டதே மூன்று மாதம் கழித்து, அதுவும் வேறெதையோ தேடும்போது. அவர்கள் எங்கே போகிறார்கள், எப்போது திரும்புவார்கள் என்று அமெரிக்காவில் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. ஊரில் தேட ஆரம்பித்ததும் விமானத் தேதி கடந்த பிறகே. வண்டியிலேயே உட்கார்ந்திருந்தாலும் அந்த நான்கு பேரும் வண்டியருகிலேயே இறந்திருப்பார்கள். வண்டியை விட்டு நகராதே என்ற விதி, யாரோ ஒருவர் குறித்த நேரத்தில் தேடத் தொடங்குவார் என்ற உறுதியின் மேல் நிற்கிறது. அந்த உறுதியை ஊரிலிருந்து புறப்படும்போதே செய்துகொள்ள வேண்டும். இன்று செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கையடக்கக் கருவிகள் கிடைக்கின்றன. 1996இல் ஒரு தொலைபேசி அழைப்பு அந்த வேலையைச் செய்திருக்கும்.

அப்படியானால் எங்கே போயிருக்க வேண்டும்? வந்த வழியே மேலே, குடிலுக்கு. சில மைல் தூரம். அங்கே ஊற்றுநீர் உண்டு, கூரை உண்டு, எப்போதாவது ஒரு ஜீப் வரும் சாலை உண்டு. இரவில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டாவது போய்ச் சேர்ந்திருக்கலாம். குடிலின் அருமை அவர்களுக்குத் தெரியாமலும் இல்லை, அங்கே நின்று வந்தவர்கள்தான். ஆனால் குடிலுக்குப் போவது மலைக்குள் பின்வாங்குவது. மனிதர் இருக்கும் இடத்திலிருந்து இன்னும் விலகுவது. இக்கட்டில் இருப்பவரின் கால் மனிதரை நோக்கித்தான் நடக்கும்.

தண்ணீர்க் கணக்கை ஒரு முறை சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கலிபோர்னியப் பாலையில் அமெரிக்கப் படைவீரர்களைக் கொண்டு நடத்திய ஆய்வுகளின்படி, பகல் வெப்பம் 49 டிகிரியைத் தொடும் இடத்தில் தண்ணீர் இல்லாமல் நிழலில் அசையாது படுத்திருந்தாலும் இரண்டு நாள் அளவுதான் தாங்கும். நடந்தால் இன்னும் குறையும். வெயிலில் நடக்கிறவருக்கு மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் வியர்வையாகவே போய்விடும். அதே ஆய்வுகள் இன்னொன்றும் சொல்லின: இருக்கும் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேமித்து வைப்பதால் பயனில்லை, தாகத்துக்குக் குடித்துவிட்டு வியர்வையைச் சேமிக்க வேண்டும், பகலில் அசையாமல் இருக்க வேண்டும். நான்கு வயதுக் குழந்தையின் உடல் பெரியவர் உடலைவிட விரைவில் சூடேறும்.

தேடல், ஒன்றும் இரண்டும்

வேன் கிடைத்த சில நாட்களில் இருநூறுக்கும் மேற்பட்டோர் சுற்றுவட்டாரத்தைச் சல்லடையாகச் சலித்தார்கள். ஹெலிகாப்டர்கள், மோப்ப நாய்கள், குதிரைகள். கீழ்நோக்கிய திசையில் ஒரு புதரின் அடியில் ஒரு பீர் பாட்டில் கிடைத்தது. அதே வகைப் பாட்டில்கள் வேனிலும் இருந்தன. யாரோ அந்தப் புதர் நிழலில் உட்கார்ந்திருந்த தடம் தெரிந்தது. அத்தோடு சரி. தேடல் நிறுத்தப்பட்டது. அதன் பிறகு ஊகங்கள் வளர்ந்தன: திட்டமிட்டுத் தலைமறைவானார்கள், யாரோ கடத்தினார்கள் என்றெல்லாம்.

இங்கே தேடியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்த நிலத்தை அறிந்தவர்கள் அவர்கள்; அறிந்தவர் எங்கே போவாரோ அங்கே தேடினார்கள். தண்ணீர் இருக்கும் பக்கம், சாலை இருக்கும் பக்கம். அறிந்த நிலத்தை அறியாதவராக நின்று பார்ப்பது எளிதில் வராது.

அதை முயன்றவர் டாம் மஹூட். பொறியாளர், ரிவர்சைடு மலை மீட்புக் குழுவில் தன்னார்வலர். பத்தாண்டுக்கும் மேல் கடந்த பிறகு ஆவணங்களைத் திரட்டி, அந்தக் குடும்பத்தின் கையில் என்ன வரைபடம் இருந்தது, அதில் என்ன தெரிந்தது என்று கேட்டுக்கொண்டார். வரைபடத்தில் தெற்கே, எட்டிவிடக் கூடிய தூரத்தில், சைனா லேக் கடற்படை ஆயுதத் தளத்தின் எல்லைக்கோடு ஓடுகிறது. ஐரோப்பாவிலிருந்து வருகிறவருக்கு ராணுவத் தளத்தின் எல்லை என்றால் முள்வேலி, காவல்கோபுரம், ரோந்து வண்டி. அங்கே போய் நின்றால் யாராவது துப்பாக்கியோடு வந்து பிடிப்பார்கள், பிடித்தால் பிழைத்தோம். கிழக்கு ஜெர்மனி என்ற நாடு மறைந்து ஆறே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. டிரெஸ்டன்காரர்களுக்கு ராணுவ எல்லை என்ற சொல் எப்படி ஒலித்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். உண்மையில் சைனா லேக் 4,500 சதுர கிலோமீட்டர் வெறுநிலம். அந்தப் பக்கத்தில் வேலியும் இல்லை, காவலும் இல்லை.

2009 நவம்பரில் மஹூட்டும் அவருடைய துணைவர் லெஸ் வாக்கரும், 1996இல் யாரும் தேடாத தெற்குப் பகுதிக்கு நடந்து போனார்கள். வேன் நின்ற இடத்திலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கும் அப்பால் எலும்புகள் கிடைத்தன. அருகில் அந்தப் பெண்ணின் அடையாள அட்டைகள். ஆணின் அடையாளத்தை மரபணுச் சோதனை உறுதி செய்தது. ஜூலை வெயிலில் அவ்வளவு தூரம் நடந்திருக்கிறார்கள் என்பதை மீட்புப் பணியில் பழகியவர்களே நம்பத் தயங்கினார்கள். கையிலிருந்த கொஞ்சத்தோடு, ஒரே திசையில், விடாமல் நடந்திருக்கிறார்கள். பதறி அலைந்தவர்கள் போகும் தூரம் இல்லை அது.

அதே 2009இன் ஆகஸ்டில், அதே பூங்காவின் தென்பகுதியில், ஜி.பி.எஸ். என்ற வழிகாட்டும் கருவி காட்டிய பாதையை நம்பிப் போன ஒரு தாயின் ஜீப் மணலில் மாட்டியது. ஐந்து நாள் கழித்துக் காவலர் போய்ச் சேர்ந்தபோது தாய் உயிரோடு இருந்தார். மகன் இறந்துவிட்டிருந்தான். மூடிப்போன பாதைகள் கருவிகளுக்குள்ளும் உயிரோடு இருந்ததைப் பூங்காக் காவலர்கள் அதன் பிறகு எடுத்துச் சொல்லத் தொடங்கினார்கள். இப்படிப்பட்ட சாவுகளுக்கு அவர்கள் ஒரு பெயரே வைத்துவிட்டார்கள்: ஜி.பி.எஸ். சாவு.

இப்போது பட் வேலிக்குப் போகிறவர்கள் நிறையப் பேர் இந்தக் கதையை அறிந்தே போகிறார்கள். வார்ம் ஸ்பிரிங் முகாமில் நிறுத்தித் தண்ணீர் கேன்களை எண்ணிப் பார்க்கிறார்கள், டயரைத் தட்டிப் பார்க்கிறார்கள். நான்கு பெயர்களும் போகும் திசையும் எழுதிய அந்த வரி 1996 ஜூலை 23 முதல் அங்கேதான் இருந்தது. வேன் கண்ணில் பட்ட பிறகே ஒருவர் அந்தக் குறிப்பேட்டைப் புரட்டினார்.